வாசல்வரை போகும் சேவை

"எனக்குப் பாடவும் வராது, நாலு பேருக்கு முன் வாசிக்கவும் வராது. கோயிலில் நான் என்ன செய்ய அக்கா?" திருமணமாகி எமது பங்குக்கு வரும் இளம் பெண்கள் பலர் என்னிடம் இப்படிக் கேட்டிருக்கிறார்கள். சேவை என்றதும் பீடத்தருகே நடப்பது மட்டுமே எம் கண்ணில் படுகிறது.

பீடத்தருகே நடப்பதும் பெரிய பணிதான். பெண்கள் நெடுங்காலமாக வாசகம் வாசித்து வந்தாலும், வாசகர், பீடத்துணைவர் ஆகிய பணிகளில் முறைப்படி நியமனம் பெறும் வழியைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2021 ஜனவரியில்தான் எமக்குத் திறந்துவிட்டார். அதே ஆண்டு மே மாதம் மறைக்கல்வி ஆசிரியர் பணியையும் திருச்சபையின் முறையான பணியாக ஏற்படுத்தினார். ஞாயிறு மறைக்கல்வியைப் பெரும்பாலும் பெண்களே சுமக்கும் எமது பங்கில் இதைத் தாமதமாக வந்த மரியாதை என்றே சொல்வேன்.

ஆனால் திருத்தூதர் பணிகள் நூலில் வரும் யோப்பா நகரத்துத் தபித்தாவைப் பாருங்கள். அவர் போதித்ததாக அங்கே ஒரு வரியும் இல்லை. அவர் தைத்தார். அவர் இறந்தபோது கைம்பெண்கள் அந்த உடைகளைப் பேதுருவிடம் காட்டி அழுதார்கள்.

நான் மரியாயின் சேனையில் இருக்கிறேன். 1921இல் டப்ளின் நகரில் ஆரம்பமான இச்சபையின் ஒழுங்கு எளிது. கிழமைக்கு ஒரு கூட்டம். அங்கே தரப்படும் வேலையை இருவராகச் சென்று செய்து, அடுத்த கூட்டத்தில் அறிவிக்க வேண்டும். போரில் கணவனை இழந்த சகோதரி ஒருவர் பூசைக்கு வருவதை நிறுத்தியிருந்தார். இரண்டு தடவை வாசலோடு திரும்பினோம். மூன்றாம் தடவை கதவு திறந்தது. என்னோடு வந்தவர் கூட்டத்தில் வாயே திறக்காத பெண். அவர்தான் காய்ச்சலில் கிடந்த பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, தாய் கதைத்ததையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். திருவிழாக் காசு கொடுக்க வழியில்லாத வெட்கத்தில்தான் அந்தத் தாய் வராமல் இருந்தார் என்பது அன்றே தெரிந்தது.

பொருளுதவி செய்வது சேனையின் ஒழுங்கில் இல்லை. எனவே அவருடைய சம்மதத்தோடு வின்சென்ட் டி போல் சபையாரிடம் சொன்னோம். 1833இல் பாரிஸில் ஒசானாம் என்ற மாணவரும் நண்பர்களும் தொடங்கிய அச்சபைக்கு ஏழைகளின் வீடு தேடிப் போவதே முதல் வேலை. அவர்கள் ஓசைப்படாமல் உதவினார்கள்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். கோயில் கூட்டுவதும் தேநீர் ஊற்றுவதும் எப்போதும் பெண்களுக்கே ஒதுக்கப்படுகின்றன. ஆண்களும் தும்புத்தடி பிடிக்கலாம்.

அடுத்த ஞாயிறு அந்தச் சகோதரி வரவில்லை. ஒரு மாதம் கழித்து வந்து கடைசி வாங்கில் இருந்தார். பிள்ளையை வாங்கி வைத்துக்கொள்ளப் பக்கத்தில் ஆள் இருந்தது.