படப்புத்தகமும் கடற்காவலும்

எழுத்தறியாக் குழந்தையும் படத்தை வாசிக்கும். இவ்வுண்மையை உணர்ந்த கொமேனியசு என்னும் கல்வியாளர், 1658ஆம் ஆண்டிலேயே சொல்லையும் சித்திரத்தையும் இணைத்துச் சிறுவர்க்கென ஒரு நூலை நூரம்பேர்க்கு நகரில் வெளியிட்டார். கடலைப் பேணும் அறிவைப் பாலர்க்குப் புகட்ட விரும்புவோர்க்கும் அவர் காட்டிய வழி பொருந்தும்.

கடலின் மேற்பரப்பையன்றி அதன் அகத்தைக் குழந்தை காண்பதில்லை. கரையில் வாழும் குழந்தைக்கும் முருகைக்கற் பாறையும் கடற்புற் படுகையும் மறைபொருள்களே. காணாததை நேசித்தல் அரிது. நேசியாததைக் காத்தல் அதனினும் அரிது. இக்குறையைப் படப்புத்தகம் நிரப்புகின்றது.

கடலாமையை உதாரணமாகக் கொள்ளலாம். உலகிலுள்ள ஏழு வகைக் கடலாமைகளுள் ஐந்து வகைகள் இலங்கைக் கரைகளில் முட்டையிடுகின்றன. அவற்றுட் சில சொறிமுட்டைகளை விரும்பி உண்பன. ஒரு பக்கத்திற் சொறிமுட்டையையும் எதிர்ப்பக்கத்தில் நீரில் மிதக்கும் பொலித்தீன் பையையும் வரைந்து, "ஆமையின் உணவு எது?" என்று வினவினாற் குழந்தை தடுமாறும். அத்தடுமாற்றமே பாடம். ஆமையும் அவ்வாறே ஏமாறுகின்றது என்பதைப் பின்னர் விளக்குதல் எளிது.

2021ஆம் ஆண்டு மே மாதத்திற் கொழும்புக்கு அண்மையில் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்னும் கப்பல் தீப்பற்றி, அடுத்த மாதம் மூழ்கியது. அதிலிருந்து சிந்திய சிறு பிளாஸ்டிக் மணிகள் மேற்குக் கரையிற் குவிந்து ஒதுங்கின. அவற்றைத் தொன் கணக்கிற் கூறினாற் பாலர்க்கு விளங்காது. ஒரு மணியை இரையென்று எண்ணி நெருங்கும் ஒரு சிறுமீனின் படம் விளங்கும்.

எனினும் இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். மன்னார்க் கடலில் வாழும் கடற்பசு கடற்புல்லை மேய்வது. மூச்சுவிட நீர்மட்டத்துக்கு வருவது. வலையிற் சிக்கினால் மேலெழ இயலாது மூச்சடைத்து மாளும். இக்கதையைத் தீட்டுவோர் மீனவரைக் கொடியவராகக் காட்டலாகாது. கதை கேட்கும் குழந்தையின் தந்தை அன்று அதிகாலை அதே கடலில் வலை வீசியவராயிருக்கலாம். தந்தையா கடற்பசுவா எனப் பிஞ்சு மனத்தை நெருக்குதல் கல்வியாகாது. கடற்புற் படுகையிலேயே மீன்குஞ்சுகளும் இறாற்குஞ்சுகளும் வளர்கின்றன. ஆதலால், அப்படுகை அழிந்தாற் கடற்பசுவின் மேய்ச்சலும் மீனவரின் பிழைப்பும் ஒருங்கே குன்றும். இவ்வுறவைக் காட்டும் நூலே உண்மையைக் காட்டும் நூல்.

அச்சத்தோடு நூலை முடித்தலும் தகாது. அஞ்சிய குழந்தை புத்தகத்தை மூடிவிடும். ஆகவே, இறுதிப் பக்கம் அதன் சிறு கைகளால் ஆகக்கூடிய ஒரு செயலைச் சுட்டுதல் நன்று. கடைக்குச் செல்லுகையில் தாயிடம் பன்பையை எடுத்துக் கொடுப்பதும் அத்தகைய செயலே. வாசித்துக் காட்டும் பெற்றோரும் ஆசிரியரும் பக்கங்களை விரைந்து புரட்டாது, குழந்தையைப் பேசவிடுதல் வேண்டும். அது கேட்கும் கேள்விகளிலேயே நாளைய கடற்காவல் தொடங்குகின்றது.