மீன் செதிலில் ஒரு பை!

போன ஆடியில் எங்கள் பால்காரரின் பசு செத்துப்போனது. வயிற்றை அறுத்துப் பார்த்தால், பந்து பந்தாகப் பாலிதீன் கவர்! மிச்சச் சோற்றைக் கவரில் முடிச்சுப் போட்டுத் தொட்டியில் எறிகிறவர்களில் நானும் ஒருத்தி. அந்தப் பந்தில் என் கை முடிச்சு எத்தனையோ? இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்தே இந்தக் கவருக்குத் தடை. ஆனாலும் கடைக்காரர் கொடுக்கிறார். நாமும் கைநீட்டி வாங்குகிறோம்.

"இதுக்கு மாற்றே கிடையாதாடீ?" என்று கல்லூரியில் படிக்கும் என் மகளிடம் புலம்பினேன். அவள் சொன்ன விஷயம்தான் இது.

இங்கிலாந்தில் சஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்தவள் லூசி ஹியூஸ். மீனைச் சுத்தம் செய்து கழித்துப் போடுகிற தோலும் செதிலும் அவள் கண்ணில் பட்டன. இத்தனை மெல்லிசாக இருந்தும் எவ்வளவு வலு, எப்படி வளைகிறது! இதிலேயே பை செய்தால் என்ன? பெரிய ஆராய்ச்சிக்கூடம் என்று நினைக்காதீர்கள். மாணவர் விடுதிச் சமையலறை அடுப்பில்தான் வேலை. நூறு தடவைக்கு மேல் செய்து பார்த்தாளாம். (நமக்கு மைசூர்பாகு இரண்டு தடவை சொதப்பினாலே கரண்டியை வீசத் தோன்றும்!) எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்க ஒரு பசை வேண்டுமே? கடைசியில் கைகொடுத்தது சிவப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர். அட, நம்ம சைனா கிராஸ்!

கடல்பாசி இனிப்பு செய்கிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். தட்டின் ஓரத்தில் ஒட்டியது மறுநாள் காய்ந்து, கண்ணாடிக் காகிதம் மாதிரி உரிந்து வருமே, அதே குணம்தான். இராமநாதபுரம் கடலோரத்துப் பெண்கள் கண்ணாடி மாட்டிக்கொண்டு மூழ்கிப் பறித்து வரும் பாசியிலிருந்தும் இந்த அகர்தான் எடுக்கிறார்கள்.

அவள் செய்த பொருளுக்கு 'மரினாடெக்ஸ்' என்று பெயர். 2019ல் ஜேம்ஸ் டைசன் சர்வதேசப் பரிசு வாங்கியது. வீட்டு உரக்குழியில் போட்டால் 4 முதல் 6 வாரத்தில் மக்கிவிடுமாம். ஒரே ஒரு காட் மீனின் கழிவிலிருந்து 1,400 பை வரும் என்பது அவள் கணக்கு.

எங்கள் ஊர்க் கடையில் அந்தப் பையை நான் இன்னும் பார்க்கவில்லை. அதுவரைக்கும் சும்மா இருக்க முடியுமா? மீன் வாங்கத் தூக்குச்சட்டி கொண்டுபோகிறேன். மிச்சச் சோறு தனி வாளியில் சேர்கிறது. பால்காரர் வாங்கிப் போகிறார். செதிலை முருங்கையடியில் புதைக்கிறேன். பூனைதான் தோண்டிவிடுகிறது. மேலே ஒரு கல்லை வைக்கணும்.