ஓட்டுப் போட்ட மறுநாள் தெரிந்த கணக்கு

"சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கம்பெனி திவால்" என்று நிர்வாகம் சொன்னால், எதிரே உட்கார்ந்திருக்கும் சங்கக்காரன் அதைச் சட்டென்று நம்ப மாட்டான். அம்பத்தூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பல ஆண்டுகள் சங்கப் பொறுப்பில் இருந்தவன் நான். பாதி நேரம் அந்தச் சந்தேகம் சரியாகத்தான் இருக்கும். ஆனால் 2003-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் சொன்னது வெறும் மிரட்டல் இல்லை.

2001 செப்டம்பர் 11 அன்று கடத்தப்பட்ட நான்கு விமானங்களில் இரண்டு அவர்களுடையவை. அதன் பிறகு பயணிகள் குறைந்தார்கள். 2002-இல் மட்டும் தாய் நிறுவனத்துக்கு 350 கோடி டாலர் நஷ்டம். அதே ஆண்டில் யுஎஸ் ஏர்வேஸ், யுனைடெட் இரண்டும் திவால் நீதிமன்றத்துக்குப் போயிருந்தன.

அமெரிக்காவில் திவால் மனுப் போட்டால் கம்பெனியை இழுத்து மூடிவிட வேண்டும் என்பதில்லை. விமானங்கள் பறக்கும், கடன்காரர்கள் காத்திருப்பார்கள். 1983-இல் கன்டினென்டல் ஏர்லைன்ஸின் தலைவர் ஃப்ராங்க் லொரென்ஸோ இந்த வழியில் புகுந்து, தொழிலாளர் ஒப்பந்தங்களைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சம்பளத்தை வெட்டினார். சங்கங்கள் கொதித்ததில், மறு ஆண்டே திவால் சட்டத்தில் 1113-ஆவது பிரிவு சேர்ந்தது. அதன்படி நிர்வாகம் தானாக ஒப்பந்தத்தைக் கிழிக்க முடியாது. என்ன மாற்றம் வேண்டும் என்று எழுதித் தர வேண்டும், அதற்கான கணக்கைக் காட்ட வேண்டும், நேர்மையாக உட்கார்ந்து பேச வேண்டும். அப்படியும் சங்கம் தக்க காரணமில்லாமல் மறுத்தால், ஒப்பந்தத்தை ரத்து செய்ய நீதிபதி அனுமதிக்கலாம். ஆக, மனுப் போடுவதற்கு முன்பே சங்கத்தின் மனசில் ஒரு கணக்கு ஓடும்: நாமாகக் கொடுப்பது எவ்வளவு, நீதிபதி பிடுங்கிக் கொடுப்பது எவ்வளவு?

ஆண்டுக்கு 180 கோடி டாலர் செலவைக் குறைக்க வேண்டும் என்றது நிர்வாகம். விமானிகள் சங்கம் 66 கோடி, மெக்கானிக்குகளும் தரைப்பணியாளர்களும் சேர்ந்த சங்கம் 62 கோடி, விமானப் பணிப்பெண்களும் ஆண்களும் அடங்கிய சங்கம் 34 கோடி தருவதாக முடிவாயிற்று. விமானிகளின் சம்பளத்தில் 23 சதவீதம் போயிற்று. வீட்டுக்கடன் கட்டுகிறவனைக் கேட்டால் தெரியும், அது எத்தனை பெரிய ஓட்டை என்று.

ஏப்ரல் 15, ஓட்டெடுப்பு. மற்ற இரண்டு சங்கங்களும் சம்மதித்துவிட்டன. விமானப் பணியாளர்கள் மறுத்துவிட்டார்கள். வாக்குப்பதிவு ஒரு நாள் நீட்டிக்கப்பட்டது. அந்த ஒரு நாளில் முடிவு தலைகீழானது. தோற்ற ஓட்டெடுப்பை நீட்டித்து ஜெயிக்க வைப்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத வேலை. என்ன நெருக்கடி இருந்தாலும் சரி.

அடுத்து நடந்தது அதைவிட மோசம். பங்குச் சந்தை ஆணையத்துக்குக் கம்பெனி தாமதமாகக் கொடுத்த ஆண்டறிக்கை வெளியே வந்தது. அதில் இரண்டு விஷயங்கள். 2005 ஜனவரி வரை பதவியில் நீடித்தால் உயரதிகாரிகள் ஆறு பேருக்கு அடிப்படைச் சம்பளத்தைப் போல இரண்டு மடங்கு போனஸ். கூடவே, அதிகாரிகள் 45 பேரின் ஓய்வூதியத்துக்காக 4.1 கோடி டாலர் ஒரு தனி அறக்கட்டளையில் போடப்பட்டிருந்தது. கம்பெனி திவாலானாலும் கடன்காரர்கள் அந்தப் பணத்தைத் தொட முடியாது. அதாவது, "கப்பல் முழுகப் போகிறது, எல்லோரும் தியாகம் செய்யுங்கள்" என்று சொன்னவர்கள் தங்களுக்கு மட்டும் படகு கட்டி வைத்திருந்தார்கள்.

180 கோடிக்கு முன்னால் 4.1 கோடி எம்மாத்திரம் என்று ஒரு ஆடிட்டர் கேட்கலாம். கேட் மீட்டிங்கில் நின்று அதைச் சொல்லிப் பார்க்கட்டும். சங்கத் தலைவர்கள்தான் உறுப்பினர்களிடம் போய், "வேறு வழியில்லை, சம்மதியுங்கள்" என்று கெஞ்சியவர்கள். இப்போது அவர்கள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

தலைமை நிர்வாகி டான் கார்ட்டி மன்னிப்புக் கேட்டார், போனஸை ரத்து செய்தார். அறக்கட்டளைப் பணத்தில் கை வைக்கவில்லை. ஏப்ரல் 24 அன்று ராஜினாமா செய்தார். ஒப்பந்தக் காலத்தை ஆறு ஆண்டிலிருந்து ஐந்தாகக் குறைத்த பிறகுதான் சங்கங்கள் இறங்கிவந்தன. சம்பள வெட்டு அப்படியே நின்றது.

இவ்வளவு கொடுத்தும் 2011 நவம்பர் 29 அன்று கம்பெனி திவால் மனுப் போட்டது. அப்போது கையில் ஏறத்தாழ 400 கோடி டாலர் ரொக்கம் இருந்தது! இந்த முறை சங்கங்கள் வேறு ஆட்டம் ஆடின. ஒன்பது பேர் கொண்ட கடன்கொடுத்தோர் குழுவில் மூன்று சங்கங்களுக்கும் இடம் கிடைத்திருந்தது. நிர்வாகம் தனியாகவே மீண்டு வரத் திட்டமிட்டுக் கொண்டிருக்க, 2012 ஏப்ரலில் மூன்றும் போட்டிக் கம்பெனியான யுஎஸ் ஏர்வேஸோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, அதனோடு இணைவதை ஆதரித்தன. முதலாளிக்கு எதிராகத் தொழிலாளி இன்னொரு முதலாளியைத் தேடிப் பிடித்து வந்ததை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. செப்டம்பரில் விமானிகளின் பழைய ஒப்பந்தத்தை ரத்து செய்ய நீதிபதி அனுமதித்தார். இணைப்பு நிற்கவில்லை. 2013 டிசம்பரில் இரண்டும் ஒன்றாயின. அமெரிக்கன் என்ற பெயர் தங்கியது, தலைமை நாற்காலியில் யுஎஸ் ஏர்வேஸின் டக் பார்க்கர் உட்கார்ந்தார்.