மாண்டலின் வாசிக்கத் தெரியாத குரு!

குட்டீஸ்... ராமேஸ்வரம் போகும் வழியில் பேக்கரும்பில் இருக்கும் அப்துல் கலாம் நினைவிடத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அங்கே கலாம் வீணை வாசிப்பது போல ஒரு சிலை உண்டு. ராக்கெட் விட்ட விஞ்ஞானிக்கு வீணை என்றால் அவ்வளவு இஷ்டம்! அதைப் பார்த்ததும், 'நாமும் ஏதாவது வாசித்தால் என்ன?' என்று உங்களில் சிலருக்குத் தோன்றியிருக்கும்.

உங்கள் வீட்டுப் பரணில், மாமாவோ சித்தப்பாவோ விட்டுப்போன ஒரு பழைய மாண்டலின் கிடக்கிறது என்று வையுங்கள். தூசி தட்டி எடுத்து நீங்களே மீட்டிப் பார்க்கிறீர்கள். இரண்டு சினிமாப் பாட்டு வந்துவிட்டது. அதற்கு மேல் விரல் நகர மாட்டேன் என்கிறது. வாத்தியார் தேடினால், 'மாண்டலினா? இந்தப் பக்கம் யாரும் சொல்லித் தர்றதில்லையே...' என்று பதில் வருகிறது. உடனே மாண்டலினைத் திரும்பப் பரணில் ஏற்றிவிடாதீர்கள்! முதலில் இந்தக் கதையைக் கேளுங்கள்.

பாடினார்... வாசித்தான்!

ஆந்திராவில் உள்ள பாலகொல்லு என்ற ஊரில், 1969 பிப்ரவரி 28ம் தேதி பிறந்தவர் ஸ்ரீநிவாஸ். ஐந்தாறு வயதில், அப்பா சத்யநாராயணாவின் மாண்டலினை எடுத்து விளையாட்டாக மீட்ட ஆரம்பித்தார். மகனுக்கு இருந்த ஆர்வத்தைப் பார்த்த அப்பா, புது மாண்டலின் வாங்கிக் கொடுத்து, தனக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுத்தார்.

பிறகு, அப்பாவின் குருவான ருத்ரராஜு சுப்பராஜுவிடம் ஸ்ரீநிவாஸ் மாணவரானார். இவர், புகழ்பெற்ற பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர். நன்றாகப் பாடுவார். ஆனால், அவருக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது!

அப்படியானால் எப்படிச் சொல்லிக் கொடுத்தார்? குரு பாடுவார், அதைக் கேட்டு, சிறுவன் தந்தியில் அதே போல வாசிக்க வேண்டும். அவ்வளவுதான் பாடம்!

கேட்க எளிதாக இருக்கிறதா? அதுதான் இல்லை. மாண்டலின், இத்தாலியில் உருவான வாத்தியம். இரண்டிரண்டாக நான்கு ஜோடி, மொத்தம் 8 தந்திகள். மீட்டிய ஒலி சட்டென்று அடங்கிவிடும். நம் கர்நாடக இசையிலோ ஸ்வரங்களை அசைத்து, வளைத்து, இழைத்துப் பாட வேண்டும். இதற்கு 'கமகம்' என்று பெயர். குரலில் வரும் அந்த அசைவைத் தந்தியில் கொண்டுவருவது பெரும்பாடு. பார்த்துச் செய்ய ஆள் இல்லாததால், எந்த விரலை எங்கே வைப்பது என்று ஸ்ரீநிவாஸே தேடிக் கண்டுபிடித்தார். பின்னாளில், ஜோடித் தந்திகளை விட்டுவிட்டு, ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட எலக்ட்ரிக் மாண்டலினை வாசித்தார்.

1978ல், குடிவாடாவில் நடந்த தியாகராஜ ஆராதனை விழாவில் முதல் கச்சேரி. அப்போது வயது ஒன்பது! 1981ல் சென்னை டிசம்பர் இசை விழாவிலும் வாசித்தார். 1998ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 'மாண்டலின்' என்பது அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 2014 செப்டம்பர் 19ல், 45 வயதிலேயே அவர் காலமானது இசை உலகுக்குப் பேரிழப்பு.

நீங்கள் யாரைத் தேடுவது?

இந்தக் கதையில் உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. தானாகவே கற்கும்போது, நாம் செய்யும் தப்பு நமக்குத் தெரியாது. நாளாக ஆக அந்தத் தப்பே பழகிவிடும். 'இந்த ஸ்வரம் சரியில்லை, இன்னொரு தடவை...' என்று சொல்ல, நன்றாகக் கேட்கும் ஒரு காது வேண்டும். அந்தக் காது உள்ளவர் மாண்டலின்காரராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

ராமநாதபுரத்தில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, வயலின், மிருதங்கம், நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம் ஆகியவை அங்கே பாடங்கள். 12 வயதானவர்கள் சேரலாம். இதில் மாண்டலின் இல்லை. ஆனால், வாய்ப்பாட்டு இருக்கிறதே! வயலினும் நல்ல துணைதான். மேற்கத்திய முறையில் வயலினுக்கும் மாண்டலினுக்கும் தந்திகளைச் சுருதி சேர்ப்பது ஒரே மாதிரி என்பது தெரியுமா?

ஒன்றை மறந்துவிடாதீர்கள். ஸ்ரீநிவாஸுக்கு, வாத்தியத்தை எப்படிப் பிடிப்பது என்று காட்ட வீட்டில் அப்பா இருந்தார். உங்களுக்கும் அப்படி ஒருவர் வேண்டும். சர்ச் பாடகர் குழுவிலோ, மேடைக் கச்சேரிக் குழுவிலோ கிடார் வாசிக்கும் அண்ணன், அக்கா இருந்தால் கேளுங்கள். மீட்டும் வில்லையைப் பிடிப்பதையும், தோளை இறுக்காமல் உட்காருவதையும் அவர்கள் காட்டித் தருவார்கள். காதுக்கு ஒரு குரு, கைக்கு ஒரு குரு!

போகும் முன்...

* வாத்தியாரைப் பார்க்க அப்பா அல்லது அம்மாவோடுதான் போக வேண்டும்.

* உங்களுக்கு வருவதை வாசித்துக் காட்டுங்கள். தப்பு வந்தாலும் பரவாயில்லை. அதைப் பார்த்துத்தான் எங்கே தொடங்குவது என்று முடிவு செய்வார்.

* 'மறுபடி சரளி வரிசையிலிருந்து ஆரம்பி' என்றால் முகம் சுளிக்காதீர்கள்.

* முதலில் வாயால் பாடுங்கள், பிறகு வாசியுங்கள். வாயில் வராதது விரலில் வராது.

* நம்முடையது கடற்கரை ஊர். உப்புக்காற்றில் தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும், உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, உறையில் போட்டு வையுங்கள்.

என்ன குட்டீஸ், பரணில் கிடக்கும் மாண்டலினை இறக்கிவிட்டீர்களா? 'மாண்டலின் வாத்தியார் எங்கே?' என்று கேட்காமல், 'நன்றாகப் பாடுகிறவர் யார்?' என்று நாளைக்கே விசாரித்துப் பாருங்கள். உங்கள் தெருவிலேயே கூட ஒருவர் இருக்கலாம்!