மாணவர் ரோபோவுக்கு ஏற்ற கண்

அமெரிக்காவில் டீன் கேமன் என்பார் 1989-இல் தோற்றுவித்த ‘ஃபர்ஸ்ட்’ என்னும் அமைப்பு, உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்காக 1992 முதல் ரோபோப் போட்டி நடத்தி வருகிறது. 2024-ஆம் ஆண்டு ஆட்டத்தில், மாணவர் கட்டிய யந்திரங்கள் தரையில் கிடந்த வளையங்களை எடுத்து இலக்கினுள் எறிந்தன. முதல் 15 விநாடிகள் அவற்றை எவரும் ஓட்டலாகாது என்பது அவ்வாண்டு விதியாக இருந்தது. யந்திரம் தானே பார்த்துத் தானே நடக்க வேண்டும். அதற்குக் கண் வேண்டுமன்றோ?

எந்தக் கம்ப்யூட்டரை வாங்குவது என்பதே மாணவர் பெரும்பாலும் முதலில் எழுப்பும் வினா. அது கடைசியில் கேட்க வேண்டிய வினா என்பது என் கருத்து. எதைப் பார்க்க வேண்டும் என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டால், காமிராவும் கணக்கிடும் கருவியும் தாமே முடிவாகிவிடும்.

முன்னாளில் இலக்குகளின்மீது ஒருவகை நாடா ஒட்டப்பட்டிருந்தது. தன்மேல் விழும் ஒளியை, அது வந்த திசையிலேயே திருப்பியனுப்பும் நாடா அது. காமிராவைச் சுற்றிப் பச்சை விளக்கு பொருத்தி, படமெடுக்கும் நேரத்தை மிகக் குறைத்தால் மற்றவையெல்லாம் இருண்டுபோக, நாடா மட்டும் பச்சையாய் ஒளிரும். அதைப் பிரித்தறிய எளிய கருவியே போதும். 2023-இல் ‘ஏப்ரில்டேக்’ என்னும் கறுப்பு வெள்ளைச் சதுரங்கள் வந்தன. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவான குறி அது. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. அதன் அளவும் களத்தில் அதன் இடமும் முன்னரே தெரியும். ஆகவே நான்கு மூலைகளும் படத்தில் விழுந்த விதத்தைக் கொண்டு, ரோபோ எங்கே நிற்கிறது என்று கணித்துவிடலாம்.

இதற்கு வண்ணம் தேவையில்லை. கறுப்பு வெள்ளைக் காமிராவே சிறந்தது. மலிவான காமிராக்கள் பலவும் படத்தை வரிவரியாகப் பதிவு செய்கின்றன. ரோபோ விரைந்து திரும்புகையில் சதுரம் கோணலாகிவிடும். முழுப் படத்தையும் ஒரே கணத்தில் பதியும் ‘குளோபல் ஷட்டர்’ காமிராவுக்குச் செலவிடும் பணம் வீண்போகாது.

அடுத்தது தாமதம். விநாடிக்கு 4 மீட்டர் ஓடும் ரோபோவுக்கு, படம் பத்தில் ஒரு பங்கு விநாடி தாமதித்து வந்தால், அதற்குள் அது 40 சென்டிமீட்டர் கடந்திருக்கும். 320-க்கு 240 என்ற படத்தில் 76,800 புள்ளிகள்; 640-க்கு 480 என்றால் 3,07,200. வேலை நான்கு மடங்கு. எனினும் தொலைவிலுள்ள குறியைக் காணப் புள்ளிகள் மிகுதியாக வேண்டும். படமெடுத்த நேரத்தையும் உடன் குறித்து, அப்போது ரோபோ இருந்த இடத்தைச் சக்கரங்களின் சுழற்சியைக்கொண்டு கணித்துத் திருத்திக்கொள்வது நல்ல முறை.

2015-இல் இப்போட்டிக்கு வந்த ‘ரோபோரியோ’ என்னும் தலைமைக் கருவியின் வேகம் 667 மெகாஹெர்ட்ஸ். மோட்டார்களை ஆளும் அதனிடமே பார்வையையும் ஒப்படைப்பது, பஸ் ஓட்டுநரையே டிக்கெட்டும் கொடுக்கச் சொல்வதை ஒக்கும். ‘ராஸ்பெர்ரி பை’ போன்ற தனிக் கருவி ஒன்றை வைத்தல் நலம். ஆனால் அதற்குச் சீரான 5 வோல்ட் மின்சாரம் வேண்டும். மோட்டார்கள் அனைத்தும் ஒருங்கே இழுக்கும்போது 12 வோல்ட் பாட்டரி தளரும். நல்ல சீராக்கி இல்லையேல் கருவி அணைந்து மீண்டும் எழும். அதற்குள் யந்திரம் தானே நடக்க வேண்டிய நேரம் போய்விடும்!

மென்பொருளில் மூலமானது ‘ஓப்பன் சி.வி.’, இன்டெல் நிறுவனத்தில் 1999-இல் தொடங்கப்பெற்று, இலவசமாய்க் கிடைப்பது. இப்போட்டிக்கெனவே அமைந்த ‘போட்டான்விஷன்’ என்பதும் இலவசமே. காமிரா, கம்ப்யூட்டர், மென்பொருள் மூன்றையும் ஒரே பெட்டியில் தரும் ‘லைம்லைட்’ விலைக்குக் கிடைக்கிறது. புரோகிராம் எழுத ஒரே மாணவர் உள்ள குழு அதை வாங்குவதில் இழிவொன்றும் இல்லை. தரையில் சிதறிக் கிடக்கும் பொருள்களைப் பயிற்சியால் இனங்காணும் முறையை விரும்புவோர்க்கே பெருந்திறன் கொண்ட ‘ஜெட்சன்’ போன்ற கருவிகள் வேண்டியிருக்கும்.

எதை வாங்கினாலும், சதுரங்கப் பலகை போன்ற கட்டப் படத்தைப் பல கோணங்களில் காட்டி, காமிராவின் லென்ஸ் வளைவை முதலில் அளந்துகொள்ள வேண்டும். பின்பு குறியொன்றைக் காகிதத்தில் அச்சிட்டுப் பள்ளித் தாழ்வாரச் சுவரில் ஒட்டி, நாடாவால் அளந்த தூரமும் கருவி சொல்லும் தூரமும் ஒத்துவருகின்றனவா என்று பார்க்கலாம்.