காயத்திற்குக் களிம்பு: எது வரை போதும்?

தோட்டத்தில் கீறல் விழுந்தாலும் சமையலறையில் கத்தி பட்டாலும் பலர் முதலில் தேடுவது அலமாரியில் கிடக்கும் பழைய களிம்பைத்தான். ஆனால் முதல் மருந்து தண்ணீர். ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டு மண், தூசு போகக் கழுவிய பிறகே களிம்பு.

நாளைக்கு 1 முதல் 3 முறை மெல்லியதாகத் தடவி, மேலே பிளாஸ்டர் ஒட்டினால் போதும். அப்பிப் பூசினால் காயம் விரைந்து ஆறிவிடாது. சுத்தமான சிறு கீறலுக்கு வெறும் பெட்ரோலியம் ஜெல்லியே போதுமானது.

நியோமைசின் கலந்த களிம்பு சிலருக்கு ஒவ்வாது. காயத்தைச் சுற்றிச் சிவந்து அரித்தால், புண் முற்றுவதாக எண்ணி மேலும் பூசுவோர் உண்டு. பூசுவதை நிறுத்திவிட்டு மருந்தாளரிடம் காட்ட வேண்டும். ஒரு வாரத்திற்கு மேல் பூசுவதும் கூடாது. கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடும். பக்கத்து வீட்டார் தோல் அரிப்புக்கு வாங்கிய ஸ்டீராய்டு களிம்பைக் கடன் வாங்கிப் பூசுவது இன்னும் மோசம். அது காயம் ஆறுவதையே தாமதப்படுத்தும்.

செம்பனை முள் ஆழமாகக் குத்தினாலோ நாய் கடித்தாலோ சீழ் வைத்தாலோ களிம்பை நம்பிக் காத்திருக்காமல் கிளினிக்குக்குப் போக வேண்டும். மண் பட்ட காயமென்றால், கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு 5 ஆண்டுகள் கடந்துவிட்டதா என்பதையும் அங்கே சொல்ல வேண்டும். இனிப்புநீர் உள்ளவர்களுக்குக் காலில் சிறு கொப்புளம் வந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுவது அவசியம்.