நைலோனுக்குள் கண்ணாடி நார்

உரும்பிராயின் செம்மண் தோட்டங்களுக்கு ஆற்று நீர் இல்லை. வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் சுண்ணக்கல்லைப் பிளந்து தோண்டிய கிணறுகளை நம்பியே விளைகின்றன. முன்னோர் துலா மிதித்து இறைத்த நீரை இன்று பம்பு இறைக்கின்றது. அதன் வயிற்றுக்குள் சுழலும் சக்கரம் ஒரு காலத்தில் வார்ப்பிரும்பாலோ பித்தளையாலோ ஆனது. இப்பொழுது சிறு பம்புகள் பலவற்றில் பிளாஸ்டிக் சக்கரமே காணப்படுகின்றது. மின்விசையில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,900 முறை சுழலவேண்டிய உறுப்பு இத்துணை இலேசாக இருப்பதைக் கண்டு கமக்காரர் ஐயுறுவது இயல்பே. வெறும் பிளாஸ்டிக்காயின் அந்த ஐயம் நியாயமானதுங்கூட. ஆனால், இத்தகைய உறுப்புகள் பலவற்றினுள்ளே கண்ணாடி மறைந்திருக்கின்றது.

கண்ணாடியா, கைதவறினால் நொறுங்குமே என்று தோன்றலாம். பலகணிக் கண்ணாடி நொறுங்குவதற்குக் காரணம் அதன் மேற்பரப்பிலுள்ள கண்ணுக்குத் தெரியாத கீறல்கள். அதே கண்ணாடியை உருக்கி, தலைமயிரின் ஆறிலொரு பங்கு தடிப்புள்ள இழையாக இழுத்தால் பெருங்கீறல்களுக்கு அங்கு இடமில்லை. அவ்விழை சதுர மில்லிமீற்றருக்கு 200 கிலோகிராமுக்குக் குறையாத இழுவையைத் தாங்கவல்லது. சாதாரண உருக்கு தாங்குவது சுமார் 40 கிலோகிராமே.

நைலோன், சூட்டினால் அரக்கைப்போல இளகிக் குளிர்ந்ததும் இறுகும் பிளாஸ்டிக் வகையைச் சேர்ந்தது. நிறையில் நூற்றுக்கு முப்பது பங்கு நறுக்கிய கண்ணாடி நாரைக் கலந்து அச்சில் வார்த்தால், உலர்ந்த நிலையில் அதன் இழுவலிமை சதுர மில்லிமீற்றருக்குச் சுமார் 8 கிலோகிராமிலிருந்து 18 கிலோகிராமாக உயர்கின்றது. வளையாது நிற்கும் விறைப்போ மும்மடங்காகின்றது.

குட்டையான நார் எவ்வாறு இவ்வளவு சுமையை ஏற்கின்றது? தும்புக் கயிற்றைப் பார்த்தால் விளங்கும். கிணற்றின் அடிவரை இறங்கும் கயிற்றில் எந்த ஒரு தும்பும் அடிவரை நீள்வதில்லை. ஒவ்வொன்றும் அயல் தும்புகளைத் தன் நீளம் முழுவதும் பற்றியிருப்பதனாலேயே கயிறு வாளியைத் தாங்குகின்றது. மிகக் குட்டையான தும்பு பிடி போதாது வழுக்கிவிடும். போதிய நீளமுள்ள தும்போ வழுக்குமுன் அறுந்துவிடும். நைலோனுக்குள்ளும் இதே நியாயந்தான். சுமை நாரின் பக்கங்கள் வழியாக உட்புகுவதை 1952ஆம் ஆண்டில் கொக்ஸ் என்பவர் கணக்கிட்டார். நாரின் முழு வலிமையும் பயன்படுவதற்கு வேண்டிய குறைந்தபட்ச நீளம் எவ்வளவு என்பதை 1965இல் கெலி, டைசன் இருவரும் உலோகங்களில் ஆராய்ந்து வகுத்தனர். நைலோனிலுள்ள கண்ணாடி நாருக்கு அந்நீளம் ஏறத்தாழக் கால் மில்லிமீற்றர். நாரும் பிளாஸ்டிக்கும் ஒன்றையொன்று பற்றாவிடில் அது இன்னும் நீளும். ஆதலால், நாரின்மீது பிணைப்புப் பூச்சொன்று முன்னரே இடப்படுகின்றது.

இங்கேதான் சிக்கல். மூன்று நான்கு மில்லிமீற்றர் நீளமாக நறுக்கப்பட்ட நார், உருகிய நைலோனோடு இயந்திரத்தின் திருகில் அரைபட்டு, அச்சை அடையும்போது பெரும்பாலும் கால் மில்லிமீற்றர் அளவுக்குச் சுருங்கிவிடுகின்றது. உடைந்த உறுப்புகளை அரைத்து மீண்டும் வார்த்தால் இன்னும் குட்டையாகும். கண்ணாடியின் அளவு குறையாதபோதும் வலிமை குறைந்துவிடும். எனவே "கண்ணாடி நார் கலந்தது" என்று விற்பவர் கூறுவது பாதி உண்மையே; அந்நாரின் நீளத்தைப் பற்றி அவர் ஒன்றும் கூறுவதில்லை.

வலிமைக்கு ஒரு விலையும் உண்டு. வெறும் நைலோன் நன்றாக நீண்ட பின்பே அறும். நார் கலந்ததோ நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு நீளுமுன் சட்டென்று முறியும். முன்னது வளைந்து எச்சரிக்கும், பின்னது எச்சரிப்பதில்லை. நைலோன் நீரை உறிஞ்சி இளகும் இயல்புடையதாகையால், ஈரத்திலே மேற்கூறிய எண்களும் இறங்கும்.

அச்சினுள் நார்கள் நிற்கும் திசையையும் மறத்தலாகாது. ஆற்றில் மிதக்கும் வைக்கோலைப் போல அவை பாயும் திசையிலேயே பெரிதும் படுக்கின்றன. அத்திசையில் வலிமை மிகுதி, குறுக்கே குறைவு. சக்கரத்தின் நடுவில் அச்சாணிக்கான துளையைச் சுற்றிப் பிரிந்து வரும் இரு பாய்ச்சல்கள் மறுபுறத்தில் சந்திப்பின், அச்சந்திப்புக் கோட்டை ஊடறுத்துச் செல்லும் நார் மிகச் சிலவே. வெடிப்பு அங்கிருந்து தொடங்குவது வியப்பன்று. தேர்ந்த அச்சுக்காரர், உருகிய நைலோன் நடுவிலிருந்து எப்புறமும் ஒருசேரப் பரவுமாறு வாயிலை அமைத்து இக்கோட்டைத் தவிர்ப்பார்.

பயிர் வாடும் கோடையில் சக்கரம் வெடித்தால், சூடேற்றிய இரும்பினால் உருக்கி ஒட்டிப் பார்க்கலாமே என்ற எண்ணம் எழும். ஒட்டிய இடத்தில் நைலோன் நைலோனோடு கலந்து ஒன்றாகும். கண்ணாடி நாரோ அந்தச் சூட்டில் உருகாது, வெடிப்பைத் தாண்டி மறுபக்கத்துக்கு நீளவும் மாட்டாது. அத்தையலின் வலிமை மிகச் சிறந்த வேலைப்பாட்டிலும் வெறும் நைலோனின் வலிமையே. சுழலவேண்டிய வேகமோ பழைய 2,900தான்.